என்னைத் தேர்ந்தெடுத்த மீன்

சாலமியில் இருக்கும் மாப்பிள்ளை அரிஸ்தோனுக்கு, அந்தியோக்கியா நிகாந்தர் எழுதுவது. உங்களுக்கும் என் தங்கை மெலித்தாவுக்கும் சமாதானம். உங்கள் கழுதைக்குக் கால் தேவலையா?

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தீவில் நற்செய்தி சொல்லப் பரிசுத்த ஆவி என்னைத் தேர்ந்தெடுத்ததாக உங்களுக்கு வந்த சேதி பொய். என்னைத் தேர்ந்தெடுத்தது பொரித்த மீன்.

எங்கள் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடல் கடந்து ஆள் அனுப்புவதென்றால் எல்லோரும் பட்டினி கிடந்து, கண்ணை மூடி ஜெபித்து, ஆவி காட்டுகிறவர் தலையில் கைவைத்து அனுப்புவோம். இந்த முறை எங்கள் சபைப் பையன் டிமோன்தான் என்று எல்லோருக்கும் நினைப்பு. ஆண்டவர் சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், போன கோடையிலேயே மூட்டை கட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பவன். மூப்பர் தியோடோத்து, "யாரை அனுப்ப, ஆண்டவரே?" என்று கேட்டுவிட்டு மௌனமானார். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் மீன் பொரித்தார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்களே, ஒரு வாய் தின்றுவிட்டு வந்துவிடலாமென்று மெல்ல எழுந்தேன் மாப்பிள்ளை, பாழாய்ப்போன முட்டி சடக்கென்றது, அத்தனை கண்ணும் திறந்துகொண்டன. ஆவிதான் என்னை எழுப்பிவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்.

"இவரா?" என்றாள் ஒருத்தி.

"மோசேயைப் பாத்தும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க," என்றார் மூப்பர்.

நான் வாய் திறப்பதற்குள் தலைமேல் கைகள். டிமோனின் கையும் இருந்தது. இத்தனை வயதில் என்னை நம்பி யாரும் ஓர் ஆட்டைக்கூட விட்டுப்போனதில்லை. அந்தக் கைகளின் சூடு நன்றாக இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குத்தான் வருந்துகிறேன்.

செலூக்கியா துறைமுகம்வரை என் மூட்டையை டிமோனே சுமந்தான்.

"என்ன கிறிஸ்துக்காரங்களா, அனுப்ப இந்தத் தொந்திதான் கிடைச்சுதா?" என்று சீண்டினான் ஒரு மாலுமி.

"அவரைக் கூப்பிட்டது நீ இல்ல. வேலையைப் பாரு," என்றான் டிமோன்.

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வழியனுப்ப வந்திருந்த மூப்பர் என் பக்கம் திரும்பினார்.

"மீனா?"

"மீன்தான் மூப்பரே."

"வச்ச கையைத் திருப்பி எடுக்க முடியாது. இன்னொருத்தன் தலையிலயும் வைக்கலாம்."

டிமோன் தலையில் வைத்தார். கப்பலில் ஒருவருக்குத்தான் இடம். அவன் இந்தக் கடிதத்தோடு வருகிறான். தங்கையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. என் தலையில் அந்தச் சூடும் இல்லை.

உங்கள் அடுப்பையும் வாசலையும் ஆண்டவர் காப்பாராக.

பின்குறிப்பு: டிமோன் வந்ததும் முதலில் சோறு போடுங்கள், பிரசங்கம் பிறகு. கப்பலேறப் போகிறவன் இப்போதுதான் என் காதோடு சொன்னான்: "அன்னிக்கு அந்த மீன் வாசத்துக்கு நானும் ஒரு முட்டியைத் தூக்கிட்டேன் மாமா. நீங்க முந்திக்கிட்டீங்க."