கெலின்ம போன கூறை

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சிங்களம் தெரியும் என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். தெரிந்ததெல்லாம் பஸ் சிங்களம். வெள்ளவத்தைச் சந்தியில் கொண்டக்டரிடம் “கெலின்ம யனவத?” என்று கேட்பேன் (நேராகப் போகுமா என்று அர்த்தம்). “ஓவ்” என்றால் ஏறிவிடுவேன். அந்த அறிவோடுதான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனேன்.

லண்டனில் அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். ஆறு வீடியோ கோலில் அக்கா தெரிந்தெடுத்த கூறைச் சேலையை நான்தான் கொண்டுபோக வேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு விமானக் கம்பனி, அங்கிருந்து லண்டனுக்கு இன்னொரு கம்பனி. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக நானே போட்டேன் (பெரிய மூளைசாலி அல்லவா!).

“கூறையைக் கையில கொண்டு போங்கோப்பா,” என்றாள் மனைவி.

“பயத்தம் உருண்டை உடையும். சீலை உடையுமே?” என்று மடக்கினேன். அக்காவுக்கென்று மனைவி செய்த அந்தப் பலகாரம் கைப்பைக்குள் போனது. கூறை பெரிய பெட்டிக்குள் போனது.

கவுண்டரில் பெட்டியைக் கொடுத்தேன். அது லண்டன் வரைக்கும் போகுமா என்று ஒழுங்காக ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். கௌரவம் விட்டால்தானே! “மிஸ், கெலின்ம யனவத?” என்றேன்.

“ஓவ் சேர், கெலின்ம,” என்று சிரித்தாள் அந்தப் பிள்ளை.

நான் கேட்டது பெட்டியை. அவள் சொன்னது விமானத்தை. அது உண்மையிலேயே சென்னைக்கு நேராகத்தான் போனது.

சென்னையில் டிரான்சிட் மேசையில் இருந்தவர் என் பெட்டிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இதுல சென்னைன்னுதான் போட்டிருக்கு. நீங்க வெளியே போய் பெட்டியை எடுத்து, அடுத்த ஏர்லைன்ல திரும்பப் போடணும்.”

“ஐயோ, எனக்கு இந்திய விசா இல்லையே!”

“ரெண்டும் தனித்தனி டிக்கெட் சார். எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பின்னாடி அனுப்பி வைப்பாங்க.”

“நாளையிண்டைக்குக் கலியாணம்!” என்று கத்தினேன். அவர் பேனாவை நீட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கூறை தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான், உருண்டைகளோடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு லண்டன் விமானத்தில் ஏறினேன்.

“கூறை எங்கையடா?” என்றாள் அக்கா, வாசலிலேயே.

நடந்ததைச் சொல்லிவிட்டு, வேறு வழி தெரியாமல் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஓர் உருண்டைகூட உடையவில்லை. அக்கா ஏசவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அலுமாரியைத் திறந்து, தன்னுடைய கலியாணக் கூறையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். மணவறையில் பிள்ளை வடிவாகத்தான் இருந்தாள். நான் வீடியோக்காரருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து நான் ‘கெலின்ம மாமா’. தமிழுக்கே தடுமாறுகிற லண்டன் பிள்ளைகள் இந்தச் சிங்களச் சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொல்லுகிறார்கள்.

போன மாதம் அக்காவின் இளைய மகளுக்கும் கலியாணம் நிச்சயமானது. அக்கா போன் எடுத்தாள். “கூறை வாங்கட்டோ, அக்கா?” என்று பயந்து பயந்து கேட்டேன்.

“வேண்டாமடா. நீ விட்டிட்டு வந்த கூறை இஞ்சதான் அலுமாரிக்குள்ள கிடக்குது. நீ உருண்டையோட கெலின்ம வா.”