இருபத்து நான்காவது வாய்

இருபத்து மூன்று பேர் வாயைத் திறந்து காட்டிவிட்டார்கள். இருபத்து நான்காவது ஆள்தான் மசியவில்லை. அவர் பல் டாக்டரின் சொந்த மாமனார்.

டாக்டர் தொழிலுக்கு வந்த புதிதில் இருபத்து நான்கு பேருக்கு இன்லே வைத்தார். சொத்தைக் குழிக்கு அச்செடுத்து, பல்லின் நிறத்திலேயே ஒரு துண்டு செய்து ஒட்டுகிற வேலை. பத்து வருஷத்தில் அவை எப்படித் தாக்குப்பிடித்திருக்கின்றன என்று வரும் ஞாயிறு பல் டாக்டர்கள் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். இதுவரை பார்த்ததில் இரண்டின் ஓரம் தேய்ந்திருந்தது, ஒன்றில் விரிசல். மற்றவையெல்லாம் கல் மாதிரி இருந்தன.

மாமனாருக்கு போன் போட்டார்.

"மாமா, பத்தே நிமிஷம். வாயைப் பார்த்துட்டு விட்டுடறேன்."

"ம்ஹூம்."

இது புதிதல்ல. கல்யாணமான புதிதில் மணிக்கணக்கில் பேசியவர்தான். அப்புறம் என்ன ஆயிற்றோ, மாப்பிள்ளையிடம் "ம்", "ம்ஹூம்" தவிர ஒரு வார்த்தை உதிர்ப்பதில்லை. சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்த டாக்டர், இவரை அப்பாவாகவே நினைத்திருந்தார். அந்த ஏமாற்றத்தில் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போது அந்த மனைவியைத்தான் தூது போகச் சொன்னார்.

"இத்தனை வருஷம் எங்கப்பா இருக்காரா போனாரான்னு கேட்டீங்களா? இப்ப பல்லுக்கு மட்டும் அவர் வேணுமாக்கும்!" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள் அவள்.

வேறு வழியில்லாமல் டார்ச்சோடு நேரிலேயே போனார். சிரிக்க வைத்தால் தெரிந்துவிடும் என்று ஒரு ஜோக் சொன்னார். மாமனாரின் தோள் குலுங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மென்றால் திறந்துதானே ஆக வேண்டும் என்று வறுத்த கடலையை நீட்டினார். மாமனார் மெல்லாமலே விழுங்கினார். புரையேறி முழி பிதுங்கியது. பதறிப்போய் முதுகைத் தட்டிய டாக்டர், பழக்கதோஷத்தில், "ஆ காட்டுங்க!" என்றார்.

அவ்வளவுதான். மாமனார் பாய்ந்துபோய் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார்.

டாக்டர் பின்னாலேயே போனார். மூடிய கதவைப் பார்த்தே பேசினார்.

"என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க மாமா. என்ன தப்பு பண்ணேன்னே தெரியாம இத்தனை வருஷம் போயிடுச்சு. நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட, வீம்புக்கு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். அதை நினைச்சா இப்பவும் மனசு அறுக்குது."

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி மாமியார் வந்தார்.

"அட, நீங்க ஒண்ணு மாப்பிள்ளை! நீங்க வச்சது மூணாம் வாரமே சாப்பாட்டோட உள்ள போயிடுச்சு. 'இது மட்டும் பேர்ந்துச்சுன்னா அன்னிக்கே தொழிலை விட்டுடறேன்'னு அவர்கிட்ட நீங்க சபதம் வேற பண்ணீங்களாம், அதான் பொண்ணோட புருஷன் பிழைப்பு கெட்டுடக் கூடாதேன்னு மனுஷன் உங்க முன்னாடி வாயையே திறக்கறதில்ல!"