கிளம்பத்தானே போகிறோம்!

வெளிநாடு போனவர்கள் ஒரு ரகம். போகாதவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு பேராலும் ஊருக்குத் தொல்லை கிடையாது. போனவர் அங்கே இருக்கிறார், போகாதவர் இங்கே இருக்கிறார், விஷயம் முடிந்தது. தொல்லையெல்லாம் மூன்றாவது ரகத்தால்தான். இவர் ஆயுள் முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருப்பவர். அதுவும் வேலைக்கோ படிப்புக்கோ அல்ல. இங்கே திண்டாடுகிற காசில் அங்கே ராஜா மாதிரி வாழலாம் என்று யாரோ எங்கேயோ சொல்லிவிட்ட ஏதோ ஒரு மலிவான நாட்டுக்கு.

உங்களுக்கு அவரைத் தெரியும். விருந்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பரவாயில்லையே என்று நீங்கள் வாய் தவறிச் சொன்னதும், "இதே காசுக்கு அங்க..." என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். முடிவெட்டும் கடையில் பாதித் தலை முடிந்து மீதித் தலை காத்திருக்கும்போது, "இதே காசுக்கு அங்க தோளையும் பிடிச்சு விட்டு, குடிக்க ஏதாவது குடுத்து, வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைப்பானுங்க" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாரே, அவரேதான். முடிவெட்டுகிறவர் கத்தரியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதை மட்டும் அவர் கவனிப்பதில்லை.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம்.

நம்மவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில், குழாய் ஒழுகுகிறது என்று வருகிற புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குப் 'பாஸ்போர்ட்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெயருக்குக் காரணம், அவருடைய பாஸ்போர்ட்தான். ஒரு முத்திரைகூடப் படாமல் இரண்டு முறை காலாவதியாகி இரண்டு முறை புதுப்பிக்கப்பட்ட பாஸ்போர்ட் அது. உள்ளே அத்தனை பக்கமும் பளிச்சென்று இருக்கும்.

இப்படிப்பட்டவர் வீட்டை நீங்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அங்கே எதுவுமே சரியாக இருக்காது. நம்மவர் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது சொட்ட ஆரம்பித்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள், இப்போது வேறு ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு வாஷரை மாற்றினால் போதும். ஆனால், "கிளம்பத்தானே போறோம், இப்ப எதுக்கு அதைப் போய் நோண்டிக்கிட்டு?" சோபாவின் ஒரு கால் முறிந்து அந்த இடத்தில் செங்கல் இருக்கிறது. கிளம்பத்தானே போகிறோம்! நம்மவருக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வருஷக்கணக்கில் இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார். பல்லையும் பிடுங்கவில்லை. ஏன்? அங்கே பல் வைத்தியம் மலிவாம். போய் இறங்கிய கையோடு பிடுங்கிக்கொள்வாராம்.

ஒன்றுமட்டும் அந்த வீட்டில் குறைவில்லாமல் இருந்தது, அட்டைப்பெட்டி. டிவி வந்த பெட்டி, மிக்சி வந்த பெட்டி, மின்விசிறி வந்த பெட்டி, என்றோ செத்துப்போன இஸ்திரிப் பெட்டி வந்த பெட்டி என்று எல்லாவற்றையும், உள்ளிருந்த தெர்மாகோலைக்கூட ஒடியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மூட்டை கட்டும்போது வேண்டுமே! பரண் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, படுக்கையறையின் ஜன்னல் மறைகிற உயரத்துக்கு அடுக்கு ஏறியிருந்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே ஒரு தையல் இயந்திரம். அதன் முன்னால் அவருடைய மனைவி. பகலிலும் பல்பைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிச் சீருடைகளையும் திரைச்சீலைகளையும் தைத்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே வர முடியும். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறவர்கள் வாசலிலேயே நின்று அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சரி, எந்த நாட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்? அதுதான் வருஷத்துக்கு வருஷம் மாறுமே. ஒரு சமயம் தீவு. வீட்டு வாடகை கொள்ளை மலிவு, மீன் அதைவிட மலிவு, ஆனால் புயல் வருமாம். அடுத்து மலை நாடு. குளுகுளுவென்று இருக்கும், மின்விசிறியே வேண்டாம், மின்சாரச் செலவு மிச்சம், ஆனால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? பிறகு கடற்கரை நாடு. இப்போதைய காதல் அதன்மேல்தான். சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாட்டுக் காய்கறிச் சந்தையைப் போனில் பார்ப்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கத்தரிக்காய் வாங்குவதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பு, மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வந்ததில்லை.

இன்னொரு குணமும் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேச ஓர் ஆள் வேண்டும். அது இல்லாவிட்டால் கையும் ஓடாது காலும் ஓடாது. பக்கத்து மேஜைக்காரர், "அங்க ஆஸ்பத்திரி சரியில்லையாமே, சார்?" என்று கேட்டால் போச்சு. அந்த நாட்டுச் சுகாதார மந்திரி மாதிரி எழுந்து நின்றுவிடுவார். "யார் சொன்னது? நோயே வராதுய்யா அங்க. காத்து அப்படி!" அதே மேஜைக்காரர் மறுநாள் குஷிப்படுத்துவதாக நினைத்து, "நல்ல நாடுதான் போல சார், கிளம்பிடுங்க" என்றால் முகம் சுருங்கிவிடும். "சும்மா எடுத்தோம் கவுத்தோம்னு போக முடியுமா? அங்க கொசு இருக்குல்ல?"

வீட்டில் அந்த எதிர்க்கட்சி வேலையை இத்தனை வருஷமும் மனைவிதான் பார்த்துவந்தாள். மொழி தெரியாதே என்பாள். விரலைக் காட்டினால் போதும் என்பார். பெண்ணைப் பார்க்காமல் எப்படி என்பாள். போனுக்குத் தூரம் ஏது என்பார். இப்படியே அவள் இழுக்க இவர் இழுக்க, வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. வண்டி நிற்பதே அவள் இழுப்பதால்தான் என்று நம்மவர் மனதார நம்பினார். 'இவ மட்டும் சரின்னு சொல்லியிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்' என்று பெருமூச்சு விடும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கும்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வந்து சேர்ந்தான். சோபாவில் செங்கல் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, தெருமுனைல செருப்புக் கடை காலியாகுது. அந்த ரூமை உனக்குத் தர்றேன்னு ஓனரம்மா சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லன்னா மருந்துக் கடைக்காரன் ரெடியா நிக்கறான்."

தையல் இயந்திரம் நின்றது. அந்த அறையை அவளுக்குத் தெரியும். தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம். ஊசியில் நூல் கோக்கக் கண்ணை இடுக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை அது காலியாயிற்று. இரண்டு தடவையும் நம்மவர் சொன்னதைத்தான் இப்போதும் சொன்னார்.

"கடையா? நல்லா இருக்கே! அட்வான்ஸைக் கொடுத்துக் கடையைப் போட்டுட்டு அப்புறம் என்ன பண்றது? கிளம்பத்தானே போறோம்!"

சொல்லிவிட்டு அவள் பதிலுக்காகத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். கொசு, மொழி, ஆஸ்பத்திரி என்று எதைத் தூக்கிப் போட்டாலும் பிடித்துத் திருப்பி அடிக்க ஆயத்தமாக இருந்தார்.

அவள் துணியை மடித்து வைத்தாள். கையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"சரிங்க. போலாம்" என்றாள்.

"எங்க?" என்று கேட்டார் நம்மவர்.

மச்சினன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போனான்.

"எங்கன்னா? நீங்க சொல்ற நாட்டுக்குத்தான். ஒரு மாசம் லீவு போடுங்க, போய் இருந்து பாப்போம். பிடிச்சிருந்தா அங்கயே இருந்துடுவோம். நான் நெசமாத்தான் சொல்றேன். கடைன்னா கடை, கப்பல்னா கப்பல். எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா யோசிச்சியா? மொழி தெரியாதே அங்க?"

"விரலைக் காட்டினாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொசு..."

"அந்தக் கொசு கடிச்சா வலிக்காதுன்னீங்களே?"

"அது சரி... பொண்ணை விட்டுட்டு?"

"போனுக்குத் தூரம் ஏதுங்க!"

தன் வாயிலிருந்து போனதெல்லாம் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மச்சினன் வேறு விடவில்லை. போனைத் தட்டிக்கொண்டே, "மாமா, டிக்கெட் இப்ப சீப்பா இருக்கு. பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க, புக் பண்ணிடறேன்" என்றான். பீரோ சாவியைக் காணோம் என்றார் நம்மவர். சாவி அவர் பனியனுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாலைந்து நாளும் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. அலுவலகத்தில், இத்தனை வருஷமாகத் தலைமேல் தூக்கி வைத்து ஆடிய நாட்டை யாரும் கேட்காமலேயே திட்டினார். அந்த ஊர்க் கத்தரிக்காயில் ருசியே இருக்காது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சத்தியம் செய்தார். மேலதிகாரியிடம் லீவு கேட்கப் போய், எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் ஒரு மாதம் என்று கேட்டுவைத்தார். அந்த மனிதர், "தாராளமா போயிட்டு வாங்க பாஸ்போர்ட்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்தால், மனைவி பயணத்துக்குத் துணிமணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்தார். வரும் வழியில் ஒரு வாஷரும் ஸ்பேனரும் வாங்கிவந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து, குழாயைத் திருகிக் கழற்றினார். ஒழுகும் குழாய் பற்றிப் புகார் கொடுக்கிற ஊரார் அத்தனை பேருக்கும் 'முதலில் மெயின் வால்வை மூடவும்' என்று பதில் எழுதுகிறவர் அவர். தன் வீட்டில் மூட மறந்துவிட்டார். தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, முதலில் போய் வால்வை மூடிவிட்டு, பிறகு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"குழாய் ஒழுகுது."

"அது எனக்குத் தெரியாதா? கிளம்பத்தானே போறோம், இப்ப எதுக்கு அதைப் போய் நோண்டிக்கிட்டு?"

மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார் நம்மவர். பூசி மெழுகலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். முடியவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "போறதுக்குப் பயமா இருக்கு. போகலன்னு சொல்றதுக்கு அதைவிடப் பயமா இருக்கு. நாளைக்குக் கிளம்பிடப்போறோம்னு நெனச்சுக்கிட்டாத்தான், அந்த ஆபீஸ்ல போய் உக்கார முடியுது. இல்லன்னா இவ்வளவுதானா நாமன்னு ஆயிடுது."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"உங்களுக்கு அப்படி நெனச்சுக்கிட்டுத் தாங்கிச்சு. நான் எதை நெனச்சுத் தாங்குறது? பெட்டிங்களுக்கு நடுவுல பொந்துல எலி மாதிரி உக்காந்து தெச்சுத் தெச்சு என் கண்ணு போச்சு. ரெண்டு தடவ அந்த ஜன்னலை விட்டுக்கொடுத்தேன், நெசமாவே போகப்போறோம்னு நம்பி. நெசமா நம்பினேங்க!"

இந்த ஒன்று அவருக்குத் தெரியாது. அவள் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தார். நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அவர் எடைபோட்ட சாதகத்திலும் வரவில்லை, பாதகத்திலும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "டிக்கெட்டெல்லாம் வேணாம்டா. கடையை நான் எடுத்துக்கறேன்னு ஓனரம்மாகிட்ட சொல்லிடு. இப்பவே சொல்லு." பிறகு நம்மவர் பக்கம் திரும்பி, "அந்த வாஷரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

கடைசியில், அந்த அட்டைப்பெட்டிகள் பயணம் போகத்தான் போயின. டிவி பெட்டியில் துணிகள், மின்விசிறிப் பெட்டியில் நூல்கண்டுகள், மிக்சிப் பெட்டியில் பட்டன்கள் என்று நிரப்பி, நம்மவரே கயிறு கட்ட, மச்சினன் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருமுனை வரை கொண்டுபோனான். தெர்மாகோலைக் குப்பைக்காரர் எடுத்துப்போனார். படுக்கையறை ஜன்னலைத் திறந்தபோது எதிர்வீட்டில் எப்போதோ மாடி கட்டியிருப்பது தெரிந்தது. அதே வாரம் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பணம் கட்டும்போது, "இதே காசுக்கு அங்க..." என்று ஆரம்பித்தாராம். பஞ்சு இருந்ததால் அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுக்கிறார். காத்திருக்கிறவர்கள் கொஞ்சம் முகம் கொடுத்தால் போதும், "ஊருக்கு வெளிய ஆத்தோரமா ஒரு இடம் இருக்காம், வாடகை பாதிதானாம்..." என்று இழுப்பார். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நிற்கும். உடனே பட்டனில் கண்ணாகிவிடுவார். இதற்கிடையே பாஸ்போர்ட் மூன்றாவது தடவையாகக் காலாவதியாகப்போகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று அதன் சாதக பாதகங்களை அலசிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நமக்கென்ன, நாம் எந்த நாட்டுக்கும் கிளம்பவில்லை. வேறு வீடு மாறத்தான் போகிறோம், வேலையை விடத்தான் போகிறோம், பிள்ளைகள் தலையெடுத்ததும் நிம்மதியாக இருக்கத்தான் போகிறோம், அவ்வளவுதானே? இருந்தாலும், இதைப் படித்து முடித்த கையோடு வீட்டுக்குள் ஒரு நடை போய்வாருங்கள். ஏதாவது சொட்டுகிற சத்தம் கேட்கிறதா பாருங்கள். பரணில் அந்தப் பழைய டிவி பெட்டி இன்னும் எதற்காக இருக்கிறது என்று யோசியுங்கள். அப்படியே, அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் பல்பைப் போட்டுக்கொண்டு யாராவது, நீங்கள் சொன்னதை நெசமாக நம்பி, உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.