ஒலி வந்ததாகக் கருதப்படும்

எங்கள் இசைப் பயிற்சி மையத்துக்கு இருபது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, அவற்றில் இசை இருக்கும் என்று நானும் நம்பினேன். காதுப் பயிற்சிக்கான மென்பொருள் அதில் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு ஸ்வரங்கள் ஒலிக்கும். எது உயரம் என்று திரை கேட்கும். முதலாவதா இரண்டாவதா என்று மாணவர் அமுக்க வேண்டும். முப்பது வருஷமாக நான் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பார்த்த வேலையை இனி அது பார்க்கும் என்றும், அதை நான் மேற்பார்வை பார்ப்பேன் என்றும் உத்தரவு வந்தது.

திறப்பு விழா முடிந்து ரிப்பன் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். படம் வந்தது. எழுத்து வந்தது. "மிக நன்று!" என்று பாராட்டுகூட வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. கண்டுபிடித்தவள் என் மாணவி. கடைத்தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவள். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கிவிட்டதென்று சொல்லக்கூடிய காது அவளுக்கு. காதுத் தேர்வில் தேறினால் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கு இதுதான் கடைசித் தடவை.

"சார், நீங்க வயரைப் பின்னாடி மைக் ஓட்டையில செருகியிருக்கீங்க. ஹெட்போன் ஓட்டை முன்னாடி இருக்கு. அது மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். இருபதிலும் அப்படியே.

"பிச்சுடலாமே," என்றேன்.

ஸ்டோர் கீப்பர் பதறிப்போனார். "பிக்கிறதா! அது சொத்து எண் சார். ஸ்டிக்கர் இல்லேன்னா அந்தக் கம்ப்யூட்டரே இல்லேன்னு அர்த்தம். இல்லாத கம்ப்யூட்டர்ல எப்படிப் பாடம் நடத்துவீங்க?"

"கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கலாம் இல்லையா?"

"முன்பக்கம், நட்ட நடுவுல, தெளிவாத் தெரியற மாதிரின்னு சுற்றறிக்கை. நட்ட நடுவுல ஓட்டை போட்டது கம்பெனிக்காரன் தப்பு."

முறைப்படி இணையத்தில் புகார் செய்தேன். 'ஒலிக் கோளாறு' என்று தேர்ந்தெடுத்தால், கோளாறை ஒலிப்பதிவு செய்து இணைக்கவும் என்றது. இணைக்காமல் மேலே நகரவில்லை. வராத சத்தத்தை இரண்டு நிமிஷம் பதிவு செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "தாங்கள் அனுப்பிய பதிவை முழுமையாகக் கேட்டோம். இரைச்சலோ கரகரப்போ எதுவும் இல்லை. புகார் தீர்த்துவைக்கப்பட்டது." ஐந்து நட்சத்திரம் கொடுக்காமல் அந்தப் பக்கத்தை மூட முடியவில்லை. கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்து ஒரு தொழில்நுட்ப வல்லுநர் வந்தார். வால்யூமைக் கூட்டினார், குறைத்தார், அணைத்துப் போட்டார், திரையைத் துடைத்தார்.

"தம்பி, அந்த ஸ்டிக்கரு..." என்றேன்.

"நான் சாப்ட்வேர் ஆளு சார். ஸ்டிக்கர் ஹார்டுவேர்." மென்பொருள் பூரண நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் இயக்குநர் கூட்டம் போட்டார். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய் வந்த புதிது. "இப்ப உலகம் பூரா அமைதிவழி இசைக் கல்விதான். சத்தத்தைக் காதால கேக்கிறதெல்லாம் பழைய முறை," என்றார். மறுநாள் உத்தரவு ஒட்டப்பட்டது: 'தேர்வு நாளன்று அனைத்துக் கணினிகளிலும் ஒலி வந்ததாகக் கருதப்படும்.'

மாணவர்களுக்கு ஏக சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலே ஐம்பதுக்கு இருபத்தைந்து வரும். இருபது வாங்கினால் பாஸ். தையல்காரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"குத்துமதிப்பா வெட்டினா சட்டை தைக்க முடியுமா சார்? கேக்காததைக் கேட்டேன்னு எப்படி அமுக்கறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேர்வன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரை நகத்தால் நைசாக உரித்தேன். ஹெட்போனைச் செருகிவிட்டு, அவளை அங்கே உட்காரச் சொன்னேன். அவள் பார்த்தாள், புரிந்துகொண்டாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தேர்வு முடிந்ததும் பசை தடவி ஸ்டிக்கரைப் பழையபடி ஒட்டினேன். ஒரு சுருக்கம் விழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

முடிவு வந்தது. மற்ற பத்தொன்பது பேரும் இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டுக்குள். தையல்காரி ஐம்பதுக்கு ஐம்பது. உடனே விசாரணை வைத்தார்கள்.

"சத்தம் வராத தேர்வுல ஐம்பது எப்படிம்மா வரும்?" என்றார் விசாரணை அதிகாரி.

"எனக்குச் சத்தம் வந்துதுங்க."

"வந்ததாக் கருதணும்னுதான் உத்தரவு. வரலாம்னு யார் சொன்னது?"

ஏழாம் நம்பரைச் சோதித்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஸ்டிக்கர் அச்சு அசலாக அப்படியே இருந்தது. ஆகவே ஒலி வந்திருக்க வழியே இல்லை, இது முறைகேடு என்று எழுதிக்கொண்டு அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே மேற்பார்வை? சத்தம் வந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அதன் கீழோரத்தில் பொடி எழுத்தில் 'அகற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று போட்டிருந்தது. ஓய்வு பெற எனக்குப் பதினாலு மாதம் பாக்கி.

"இல்லீங்க," என்றேன். "எனக்கு எதுவும் கேக்கலை."

அவளாவது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் தேர்வு ரத்தாகிவிட்டது. மற்றவர்கள் பத்தொன்பது பேரும் பாட்டு டீச்சர்கள் ஆனார்கள்.

ஒலி சம்பந்தமாகத் தீர்க்கப்படாத புகார் ஒன்றுகூட இல்லாத மையம் என்று எங்களுக்கு விருது அறிவித்தார்கள். விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட வேண்டுமாம். துணியை வாங்கித் தையல்காரியிடமே கொடுத்துவிட்டார் இயக்குநர். அளவு கொடுக்க நானும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

டேப்பை என் கழுத்தில் சுற்றினாள். "அந்தத் தேர்வு விஷயம்..." என்று இழுத்தேன்.

"நிமிந்து நில்லுங்க சார். காலர் அளவு எடுக்கணும்."

"நிமிந்துதாம்மா நிக்கிறேன்."

எதிரே இருந்த கண்ணாடியைக் காட்டினாள். பிறகு டேப்பை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பரவால்ல சார், விடுங்க. இயக்குநரும் இப்படித்தான் நின்னாரு, ஸ்டோர்க்காரரும் இப்படித்தான். உங்க ஆபீசுக்கு அளவே எடுக்க வேணாம். குத்துமதிப்பா ஒரே மாதிரி வெட்டிடறேன்."

விழாவன்று போட்டுப் பார்த்தோம். எல்லோருக்கும் கச்சிதமாக இருந்தது.