வீட்டுக்கு ஓர் ஆள்

படுத்துவிடுவது என்று முடிவு செய்தார் சொட்டு.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு. மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. ஆனாலும் படுத்தாக வேண்டும். அரசாங்கம் அப்படி ஆக்கிவிட்டது.

முன்பெல்லாம் எழுபது வயது ஆனால் போதும். சுகாதாரத் துறையிலிருந்து வீட்டுக்கு ஓர் உதவியாள் வந்துவிடுவார். துணி துவைப்பார், குளிப்பாட்டுவார், கால் பிடித்துவிடுவார். எல்லாம் இலவசம். சொட்டுக்கு எழுபது ஆகிறதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனிமேல் வயது செல்லாது; உடம்பு நிஜமாகவே முடியாமல் இருக்க வேண்டும். அதுவும் ஒரு வீட்டுக்கு ஓர் ஆள்தான். நர்ஸ் நேரில் வந்து வீட்டில் இருக்கிறவர்களைப் பார்த்து, யாருக்கு என்று சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தவறவிட்டவன் கடைசிக் காலத்தில் கைக்காசு போட்டு ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டவர்கள் யாரும் சொந்த வீட்டில் சாகவில்லை. வீட்டை விற்ற பிறகுதான் செத்தார்கள்.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. குடிநீர் வாரியத்தில் குழாய் பழுது பார்த்தே ஆயுளைக் கழித்த மனுஷன். எங்கே தண்ணீர் சொட்டினாலும் உடம்பு எரியும். சாவு வீட்டில்கூட முதலில் கொல்லைப்புறம் போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்துதான் துக்கம் கேட்பார். இறுக்கினால் இறுக்கினதுதான், பின்னால் வருகிறவன் திறக்க முடியாது. அதில் அவருக்குப் பெருமை.

ஒரே மகள் வெளியூரில். போன் பண்ணிச் சொன்னதற்கு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்கப்பா என்று வைத்துவிட்டாள். சரி, பேசினார்கள். மனுவில் தன் பெயரைப் போடலாமே என்றாள் மனைவி. காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது, பிடித்தது கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்றாள்.

"உனக்கென்ன கேடு? சமைக்கிறே, துவைக்கிறே. நர்ஸ் பார்த்தா உன்னையே வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவா."

"விரல் வலிக்குதுங்க."

"விரல்னா வலிக்கத்தான் செய்யும்."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் போன தடவையெல்லாம் அவருக்கு ஒரு கேடு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் அதைக் கவனித்ததில்லை. அவர் கவனித்தது குழாய்களைத்தான்.

பயிற்சி கொடுத்தவர் கீழ்வீட்டு ரிடையர்டு கண்டக்டர். சட்டம் மாறின கையோடு நடித்து, ஆள் வாங்கிவிட்ட கெட்டிக்காரர். பல் செட்டைக் கழற்றிவிடு, கண்ணாடி போடாதே, எது கேட்டாலும் கொஞ்ச நேரம் விழி என்று பாடம் நடத்தினார். அவருடைய சக்கர நாற்காலியையும் இரவல் கொடுத்தார். அவருக்கு இனி அது வேண்டியதில்லையாம், நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

மனைவி இவ்வளவு ஒத்தாசையாக இருப்பாள் என்று சொட்டு எதிர்பார்க்கவில்லை. தெரு பார்க்கும், சாயங்கால நடை வேண்டாம் என்றாள். நோயாளி சீட்டாடுவானா என்றாள். சீட்டும் போயிற்று. உப்பையும் எடுத்துவிட்டாள், அப்போதுதான் முகம் வாடுமாம். வாடியது.

ஒத்திகையில் ஒரே ஒரு குறை. சமையலறையில் குழாய் சொட்டினால் நோயாளி எழுந்து ஓடிவிடுகிறார். கொஞ்ச மாதமாகவே அவள் குழாயை ஒழுங்காக மூடுவதில்லை. "இந்த வயசுல ஒரு குழாய் மூடத் தெரியல" என்று கத்திக்கொண்டே போய் இறுக்கிவிட்டு வருவார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நோய் ஞாபகம் வரும்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வந்தாள். கனத்த உடம்பு, கனத்த பை, சிரிக்காத முகம். கையைத் தூக்குங்க ஐயா என்றாள். பாதி தூக்கி விட்டுவிட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றாள். விழித்தார். உங்க வீட்டம்மா பேர் என்ன என்றாள். அதற்கும் விழித்தார். இதில் நடிப்பு எவ்வளவு என்று மனைவிக்கே தெரியவில்லை. 'ஏய்' என்பதைத் தவிர அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நர்ஸ் உச்சுக் கொட்டினாள். பேனாவைத் திறந்தாள். வேலை முடிந்த மாதிரிதான்.

"டீ போடறேம்மா" என்று மனைவி உள்ளே போனாள்.

சொட்.

சொட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

சொட். சொட்.

பல்லைக் கடிக்கலாம் என்றால் பல் டம்ளரில் கிடந்தது. கண்ணை மூடினார். துளி நூலாகி, நூல் கயிறாகி, பாத்திரம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அடுத்தது சமையலறை. கை குழாயில். ஓங்கி ஒரு இறுக்கு.

திரும்பினால் வாசற்படியில் நர்ஸ்.

"நல்லா இறுக்கறீங்களே ஐயா."

மனைவி முந்திக்கொண்டாள். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. என்னால மூட முடியலை. கொஞ்ச மாசமா அவர்தான் எழுந்து வந்து மூடறாரு."

அத்தனையும் உண்மை. ஓர் எழுத்தைக்கூட மறுக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நர்ஸ் அவள் கையை வாங்கிப் பார்த்தாள். விரல் கணுவெல்லாம் வீங்கியிருந்தது. என் கையை அழுத்துங்க என்றாள். அழுத்தினாள், அழுத்தின மாதிரி இல்லை.

"இவர் இப்படி இறுக்கினா நீங்க எப்படிம்மா திறப்பீங்க?"

மனைவி ஒரு கரண்டியை எடுத்தாள். காம்பைக் குழாயின் பிடிக்குள் கொடுத்து, முழங்கையால் நெம்பித் திறந்து காட்டினாள். சொட்டு காம்பைப் பார்த்தார். வளைந்திருந்தது. வீட்டில் எல்லாக் கரண்டிகளும் வளைந்துதான் கிடந்தன. மட்டச் சரக்கு என்று பாத்திரக் கடைக்காரனோடு சண்டை போட்டு, அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

முடியாதவர் அம்மாதான் என்று நர்ஸ் எழுதினாள். சொட்டு சீக்கிரம் தேறிவிட்டார். யார் பெயரில் வந்தால் என்ன, வீட்டுக்கு ஆள் வந்தால் சரி. வருகிற ஆள் கழுவட்டும்.

"ஆள் எப்பம்மா வரும்?"

"எதுக்கு ஆள்? சட்டம் மறுபடி மாறிடுச்சே ஐயா. வீட்டுல திடகாத்திரமா ஒருத்தர் இருந்தா, அவர்தான் ஆள். சமையல், துவையல் எல்லாம் நீங்கதான். மாசாமாசம் நான் வந்து பார்ப்பேன்."

நர்ஸ் போனதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"விரலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி போனப்ப கேட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை." டம்ளரிலிருந்து பல்லை எடுத்து நீட்டினாள். "நீங்க ஜெயிச்சிருந்தா நான்தான் உங்களுக்கு ஆள், சாகற வரைக்கும். இத்தனை வருஷமா அதுதானே பார்க்கறேன்? அதுக்கு ஒரு கவர்மெண்ட் முத்திரை வேறயா?"

அவர் பல்லை மாட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் நர்ஸ் வந்தபோது சக்கர நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அதில் மனைவி. சொட்டு ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றார். குழாயை இப்போது மெதுவாகத்தான் மூடுகிறார். ராத்திரியெல்லாம் சொட்டுகிறது. கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார்.

ஆள் எப்படிம்மா என்று நர்ஸ் விசாரித்தாள்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"புது ஆளு. போகப் போகப் பழகிடுவாரு."