எட்டு இலக்கம்

சமையலறைக் கரும்பலகையில் ஆறாம் நாள் காலை 739 மட்டுமே மிச்சமிருந்தது.

முதலில் அது 73939133. மருமகளின் கையெழுத்து, கல்லூரியில் கணக்கு நடத்துபவள். மறுநாளிலிருந்து தினம் காலையில் வலது ஓரத்து இலக்கம் ஒன்று காணாமல் போனது.

நாள் எண்ணுகிறாள் என்று பெரியவர் முடிவு கட்டினார். பையனை இழுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறாள். மூன்று தலைமுறையாக இந்த வீட்டிலிருந்து யாரும் பெட்டியோடு படி இறங்கியதில்லை.

"பலகைல என்னம்மா அது?"

"பகா எண் மாமா. ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. ஓரத்துல ஒவ்வொண்ணா அழிச்சாலும் மிச்சம் நிக்கறதும் பகா எண்தான். இந்த ஜாதியில இதுதான் பெரிசு."

"எதுக்கு அழிக்கணும்?"

"அழகா இருக்குல்ல," என்று கிளம்பிவிட்டாள்.

கணக்கு படித்தவள் நேராகப் பதில் சொல்லாமல் நழுவினால் விஷயம் பெரிதுதான்.

ஒரு நாளாவது தள்ளிப்போகட்டும் என்று, 739-க்குப் பக்கத்தில் அவள் எழுத்தைப் போலவே ஒரு 9 போட்டார். மாலையில் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரோ கை வெச்சிருக்காங்க. 7399 ஏழால வகுபடுதே."

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் 9-ஐ அழித்துவிட்டு 1 போட்டார்.

"இது பத்தொன்பதால போகுது," என்றாள், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "இங்க மூணைத் தவிர எதைப் போட்டாலும் மாட்டிக்குவாங்க, மாமா."

அந்த 'மாமா'வில் ஓர் அழுத்தம் இருந்ததாக அவருக்குப் பட்டது.

மறுநாள் 73. இனி எண்ணோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வீட்டிலிருந்த ஒரே பெரிய பெட்டியைத் தூக்கிவந்து மனைவியிடம் ஒப்படைத்தார்.

"யார் கேட்டாலும் குடுக்காதே."

"நான் ஏன் குடுக்கறேன்," என்றாள் அவள். விரல்களில் வெள்ளைத் தூள். மாவு பிசைந்துகொண்டிருந்தாள் போலும்.

"இந்த வீட்டு மானத்தப் பத்தி உனக்குக் கவலையே இல்ல."

"அதான் நாப்பது வருஷமா என் பங்குக்கும் சேத்து நீங்க படறீங்களே."

அடுத்த நாள் 7. அதற்கடுத்த நாள் பலகை வெறுமையாக இருந்தது.

பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு, கைத்தடியைக் குறுக்கே வைத்து உட்கார்ந்தார். கூடத்தில் மருமகள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் அறியாதவள் போல என்ன நடிப்பு.

பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்றது.

"எங்க மருமக எங்கயும் வர்றதா இல்ல. வண்டியத் திருப்பு."

டிரைவர் கைபேசியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"மருமக இல்லீங்க, உங்க வீட்டம்மா. எட்டு நாள் முன்னாடியே சொல்லிவெச்சாங்க. காலையில போன்ல, பெட்டிய ஐயாவே எடுத்துக் குடுத்துட்டாரு, திரும்பி வர்றதுக்கு வண்டி வேணாம்னாங்க."