அரைக் கட்டை

எவரிஸ்தோ அன்று காலை ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். தொண்டை கட்டிக்கொள்வது என்று. அதுவரை அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

ஃபெராரா நகரில் அவர்களுடையது ஆறே பேர் கொண்ட பாட்டுக் குழு. முந்நூறு, நானூறு வருஷத்துப் பழைய பாட்டுகளை அந்தக் காலத்து வாத்தியங்களோடு பாடுவார்கள். ஆண் குரலில் மேல்ஸ்தாயி இவருடையது. மனைவி ஒர்னெல்லா, பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசித்தபடியே குழுவை நடத்துவாள், வீட்டை நடத்துவாள், இவரையும் நடத்துவாள். போன வார ஒத்திகையில் கடைசிப் பாட்டின் உச்ச ஸ்வரத்தில் இவர் குரல் பிசிறிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் அன்று சாயங்காலம் சொந்த ஊர்த் தேவாலயக் கச்சேரியில் மானம் போவதைவிட ஒதுங்கிக்கொள்வது மேல். பக்கத்து ஊரான பாதுவாவில் இவர் இடத்துக்கு இன்னொரு பாடகர் தயாராக இருந்தார். இன்று விட்டால் தன் இடம் திரும்பக் கிடைக்காது என்பதும் எவரிஸ்தோவுக்குத் தெரியும்.

கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"குரலே வரலையா?"

தலையாட்டினார்.

"ஒரு வார்த்தைகூட?"

இன்னும் பலமாக ஆட்டினார்.

"நல்லதாப் போச்சு. இருபத்தாறு வருஷத்துல உங்ககிட்ட ஒரு விஷயம் முழுசாப் பேசி முடிச்சதில்ல. உங்க தூண்டில், வலை எல்லாத்தையும் என் தம்பிக்குக் குடுத்துரட்டுமா? வேண்டாம்னா சொல்லுங்க."

எவரிஸ்தோ கைகளை வீசினார்.

"சரிங்கிறீங்க. பெரிய மனசு. அப்புறம், ரோவிகோவுல எங்கம்மா தனியா இருக்காங்க. இங்கயே வந்துரச் சொல்லப்போறேன்."

இவர் இரண்டு விரலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"ரெண்டு நாளா? எதுக்கு? கடைசிவரைக்கும் இருக்கட்டும்."

"வேண்டா...ஆ...ம்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒர்னெல்லா ஒரு கட்டையை அழுத்தினாள். அதே ஸ்வரம்.

"இதானே நீங்க பயந்த உச்சம்? துளி பிசிறில்ல. துண்டக் கழட்டுங்க. எங்கம்மா ஊரை விட்டு நகரமாட்டாங்க."

சாயங்காலம் தேவாலயம் நிரம்பியிருந்தது. கடைசிப் பாட்டில் எவரிஸ்தோ உச்சத்தைத் தொட்டார், அங்கேயே நின்றார், சாவகாசமாக இறங்கினார். பாதுவாக்காரர்கூட எழுந்து நின்று கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் எவரிஸ்தோ மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீ இல்லேன்னா இந்தக் கட்டை இன்னிக்கே மூலைல விழுந்திருக்கும். அந்த உச்சம் எங்கிட்ட இருக்குன்னு காலைல காட்டிக்குடுத்தியே."

"காலைல எங்க இருந்துச்சு? வீட்டு வாத்தியத்துல கட்டை வரிசைய ஒரு பக்கமா நகர்த்தினா சுருதி இறங்கும்ல? போன வாரம் பிசிறினப்பவே நீங்க இப்படி ஏதாச்சும் பண்ணுவீங்கன்னு தெரியும், அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே நகர்த்தி வச்சிட்டேன். நீங்க கத்தினது அரைக் கட்டை கம்மி."

"நான் அதுல கத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா பேரைச் சொன்னா நீங்க எப்பவும் அதே சுருதிதான்."

"அப்போ இப்ப பாடினது?"

"இங்க நான் எதையும் தொடல. நிஜ உச்சம்."

இவ்வளவு அருமையாக அவரை யாரும் ஏமாற்றியதில்லை. இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்தது. இன்னும் எத்தனை வருஷமானாலும் பாடலாம் போலிருந்தது. அதையும் சொன்னார்.

"தெரியும்," என்றாள் ஒர்னெல்லா நோட்டுகளை அடுக்கியபடியே. "அடுத்த மாசப் பாட்டு இதைவிட அரைக் கட்டை மேல. நீங்க சம்மதிச்சுட்டதா நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."